கேட்கும் காது எங்கே?

(ஆசிரியர் பயிற்சி பெறும் மாணவ, மாணவியரும் வணிகப் பெருமக்களும் கலந்து கொண்ட கல்வி விழிப்புணர்வு நிகழ்ச்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று எனக்குத் தரப்பட்டிருக்கும் தலைப்பு 'நாளைய ஆசிரியரும் தொழில்நுட்பமும்'. நோட்டீஸில் இதைப் பார்த்துவிட்டு, "இவர் மதரஸாவில் ஓதியவராயிற்றே, இவருக்கும் கம்ப்யூட்டருக்கும் என்ன சம்பந்தம்?" என்று சிலர் கேட்டிருக்கிறீர்கள். டீக்கடையில் என் முகத்துக்கு நேராகவே கேட்டார்கள். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்லிவிட்டே விஷயத்துக்கு வருகிறேன்.

இந்தத் தலைப்பை எனக்குத் தந்தது ஒரு மாணவி. பி.எட். இரண்டாம் ஆண்டு படிக்கிறார். அவருடைய தகப்பனார் பலசரக்குக் கடை வைத்திருப்பவர், எனக்கு நெடுநாள் பழக்கம். ஒரு நாள் மகளை அழைத்துக்கொண்டு வந்தார். அந்தப் பிள்ளை சொன்னார்: "ஹஜ்ரத், நாளைக்கு நீ ஆசிரியை ஆனால் வகுப்பறையில் தொழில்நுட்பத்தை எப்படிப் பயன்படுத்துவாய் என்று கல்லூரியில் கட்டுரை கேட்டிருக்கிறார்கள். என் கூடப் படிக்கிறவர்கள் பாதிப் பேர் செல்போனில் ஏஐயிடம் கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். எனக்கு மனம் வரவில்லை. பள்ளிக்கூடத்தில் போய் நின்றபோது நடந்ததை அப்படியே எழுதலாமா?"

"என்னம்மா நடந்தது?" என்று கேட்டேன். அவர் சொன்னதை உங்களிடம் சொல்கிறேன். இந்த உரை முழுக்க அதிலிருந்து பிறந்ததுதான்.

பி.எட். படிப்பு 2015ஆம் ஆண்டு முதல் இரண்டு வருடப் படிப்பாகிவிட்டது. அதில் பல வாரங்கள் ஏதாவது ஒரு பள்ளிக்கூடத்துக்குச் சென்று பாடம் நடத்திப் பழக வேண்டும். இந்த மாணவி போன பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு அறிவியல். பாடம், மனித இதயம். வகுப்பில் ஸ்மார்ட் போர்டு இருந்தது. மூன்று நிமிடப் படம் ஒன்றைத் தேடி எடுத்துப் போட்டிருக்கிறார். இதயம் சுருங்குகிறது, விரிகிறது, வால்வு திறக்கிறது, மூடுகிறது, ரத்தம் ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்குப் பாய்கிறது. நாற்பது பிள்ளைகளும் மூச்சு விடாமல் பார்த்திருக்கிறார்கள். இவருக்குப் பெருமை தாங்கவில்லை.

பின் பெஞ்சில் ஓய்வு பெறும் வயதிலுள்ள ஓர் ஆசிரியை உட்கார்ந்து கவனித்துக் கொண்டிருந்தார். அவர் பாராட்டவும் இல்லை, குறை சொல்லவும் இல்லை. "திரையை அணைத்துவிட்டு யாராவது ஒருத்தரைக் கூப்பிட்டு, பார்த்ததை வரையச் சொல்லும்மா" என்றார், அவ்வளவுதான்.

ஒரு பையன் வந்தான். வாழ்த்து அட்டையில் அம்பு பாய்ந்தபடி இருக்குமே, அந்த இதயத்தை வரைந்துவிட்டு நின்றான். வகுப்பே சிரித்தது. அடுத்து ஒரு பெண் வந்தாள். நன்றாகப் படிக்கிற பெண். நான்கு அறைகளையும் சரியாகவே வரைந்தாள். ஆனால் பலகையில் இடப்பக்கம் இருந்ததற்கு 'இடது' என்றும் வலப்பக்கம் இருந்ததற்கு 'வலது' என்றும் பெயர் எழுதினாள். வகுப்பில் யாருக்கும் அது தவறாகத் தெரியவில்லை. மூன்று நிமிடப் படத்தை எல்லோரும் அப்படித்தான் பார்த்திருக்கிறார்கள்!

அந்த மூத்த ஆசிரியை எழுந்து வந்தார். முன்னால் இருந்த ஒரு பையனை வகுப்பைப் பார்த்து நிற்க வைத்தார். "இவனுடைய இடது கை எது? உங்களுக்கு எந்தப் பக்கம் தெரிகிறது?" என்று கேட்டார். பிள்ளைகள் அவனையும் பலகையையும் மாறி மாறிப் பார்த்தார்கள். பிறகு ஒரு சத்தம் எழுந்ததாம், எல்லோரும் ஒன்றாக "ஆ...!" என்று. படத்தில் இருக்கும் இதயம் நம்மைப் பார்த்து நிற்கும் ஒரு மனிதனுடைய இதயம், ஆகவே அவனுடைய இடது நமக்கு வலப்பக்கம் தெரியும் என்பது அப்போதுதான் புரிந்திருக்கிறது.

சகோதரர்களே! அந்தப் படத்தில் எந்தப் பிழையும் கிடையாது. நாற்பது பிள்ளைகளும் தவறாகப் புரிந்துகொண்டார்கள் என்பது மட்டும் படத்துக்குத் தெரியாது.

மறுநாள் என்ன நடந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நான் ஒரு பக்கத்தை மறைத்தவனாவேன். பிள்ளைகளே அந்தப் படத்தை மறுபடி கேட்டிருக்கிறார்கள். இரண்டாவது முறை போட்டபோது, வால்வு எந்தப் பக்கம் திறக்கிறது, ரத்தம் ஏன் திரும்பிப் போவதில்லை என்று கேள்வி மேல் கேள்வி. சுண்ணாம்புக்கட்டியால் ஒரு வால்வை வரையலாம், அதைத் திறந்து மூட வைக்க முடியுமா? முடியாது. அது அந்தத் திரையால்தான் முடியும்.

கேஸட்டும் உஸ்தாதின் விரலும்

இப்போது டீக்கடைக் கேள்விக்கு வருகிறேன். எனக்கும் இயந்திரத்துக்கும் என்ன சம்பந்தம்?

நான் மதரஸாவில் சேர்ந்தது தொண்ணூறுகளின் தொடக்கத்தில். அப்போது சவூதியிலிருந்து வந்த என் மாமா ஒரு டேப்ரிக்கார்டரும், எகிப்து நாட்டுக் காரி மஹ்மூத் கலீல் அல்ஹுஸரி அவர்கள் ஓதிய கேஸட்டுகளும் கொண்டு வந்தார். குர்ஆன் முழுவதையும் முதன்முதலாக ஒலிப்பதிவில் ஓதித் தந்தவர் அவர்தான். 1961ல் அது வெளிவந்தது. உலகத்திலேயே சிறந்த ஓதுதல் என் தலைமாட்டில்! ஒரு மாத விடுமுறை முழுக்கக் கேட்டேன், கூடவே ஓதினேன். இனி உஸ்தாதே எனக்குத் தேவையில்லை என்ற எண்ணம்கூட வந்துவிட்டது. சின்ன வயது, மன்னித்துக் கொள்ளுங்கள்.

விடுமுறை முடிந்து போய் உஸ்தாத் முன் உட்கார்ந்து ஓதினேன். இரண்டு வசனம்கூடத் தாண்டியிருக்க மாட்டேன், நிறுத்தினார். அரபியில் 'ஹா' இரண்டு உண்டு. ஒன்று தொண்டையின் அடியிலிருந்து வர வேண்டும், மற்றொன்று தொண்டையின் நடுவிலிருந்து வர வேண்டும். தமிழ் நாக்குக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் வரும். நான் ஒரு மாதம் முழுக்க இரண்டையும் ஒன்றாகவே ஓதியிருக்கிறேன், கேஸட்டும் என்னைத் தடுக்கவில்லை. உஸ்தாத் தன் விரலை என் தொண்டையின் நடுவில் வைத்து, "இங்கிருந்து கொண்டு வா" என்றார். மூன்று நாள் ஆனது, வந்துவிட்டது.

கேஸட் என்னைவிட ஆயிரம் மடங்கு அழகாக ஓதும். நான் ஓதுவதை அது கேட்காது.

ஹிப்ளு மதரஸாவில் எழுபது பிள்ளைகள் இருந்தாலும், ஒவ்வொரு பிள்ளையும் அன்றைய சபக்கைத் தனியாக வந்து ஒப்பிக்க வேண்டும். உஸ்தாத் கேட்பார். நேற்று தடுக்கிய இடத்தில் இன்றும் தடுக்கினால் மேலே போகவிட மாட்டார். அந்த முறையில் குறைகளும் உண்டு, கை ஓங்குகிற உஸ்தாதுகளையும் நான் கண்டிருக்கிறேன், அதை நியாயப்படுத்த இங்கே வரவில்லை. ஆனால் ஒவ்வொரு பிள்ளையையும் தினமும் கேட்பது என்ற ஒரு விஷயத்தை அவர்கள் விட்டதே இல்லை. நம் பள்ளிக்கூடங்களில் ஒரு பிள்ளை ஒரு வாரம் வாயே திறக்காமல் வந்து போக முடிகிறதே, யாராவது எண்ணிப் பார்த்ததுண்டா?

எழும்பூர் மணல்

தொழில்நுட்பம் என்றவுடன் ஏதோ அமெரிக்காவிலிருந்து வந்த சரக்கு என்று நினைக்கிறோம். இந்த ஊரிலிருந்து அங்கே போன ஒன்றும் உண்டு.

ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1787ல் சென்னைக்கு வந்தார். எழும்பூரில் ராணுவத்தினரின் அனாதைப் பிள்ளைகளுக்காக 1789ல் தொடங்கிய விடுதிப் பள்ளிக்கு அவர் மேற்பார்வையாளர். ஒரு நாள் குதிரையில் போகும்போது ஒரு திண்ணைப் பள்ளிக்கூடத்தைப் பார்த்தார். பிள்ளைகள் தரையில் மணலைப் பரப்பி விரலால் எழுதிக் கொண்டிருந்தார்கள். செலவே இல்லாத பாடமுறை! தவறினால் கையால் தடவிவிட்டு மறுபடி எழுதலாம். தன் பள்ளிக்குத் திரும்பி வந்து, இனி மணலில் எழுதக் கற்றுக் கொடுங்கள் என்று ஆசிரியர்களிடம் சொன்னார். அவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை, இது நடக்காது என்றார்கள். புதிய முறை எது வந்தாலும் முகம் சுளிக்கும் ஆசிரியர்கள் அன்றும் இருந்திருக்கிறார்கள்!

பெல் என்ன செய்தார்? அந்தப் பள்ளியிலேயே படித்த எட்டு வயதுப் பையன் ஒருவனைக் கூப்பிட்டு, சின்னப் பிள்ளைகளுக்கு நீ மணலில் சொல்லிக் கொடு என்றார். அவன் சொல்லிக் கொடுத்தான், பிள்ளைகளும் கற்றார்கள். பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கும் அந்த வழக்கமும் இங்குள்ளதுதான். சட்டாம்பிள்ளை என்று நம் பாட்டன்மார் சொல்வார்களே, அதுதான். 1797ல் பெல் இதை லண்டனில் புத்தகமாக வெளியிட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரிலேயே அது இங்கிலாந்துப் பள்ளிகளில் பரவியது.

இதில் நான் கவனிப்பது வேறொன்று. மணல் போனது, கூடவே அந்தப் பையனும் போனான். மணலை மட்டும் கப்பலில் ஏற்றி அனுப்பியிருந்தால் லண்டனில் அது வெறும் மணல்தானே?

நானும் செய்த தவறு

வணிகப் பெருமக்களே, இப்போது உங்களிடம் பேச வேண்டும்.

உங்கள் கடைகளில் படிக்கல் தராசு போய் எலக்ட்ரானிக் தராசு வந்தது. நல்லதுதான், ஒரு கிராம்கூடப் பிசகாது. ஆனால் மிளகில் பப்பாளி விதை கலந்திருக்கிறதா என்று அந்தத் தராசு சொல்லுமா? மிளகாய் வற்றலில் ஈரம் இருக்கிறதா என்பதற்கு இன்றும் நீங்கள் ஒரு வற்றலை எடுத்து ஒடித்துப் பார்க்கிறீர்கள். தராசு வாங்கிவிட்டோம், இனி சரக்குத் தெரிந்த ஆள் வேண்டாம் என்று எந்த வியாபாரியாவது கணக்குப் பிள்ளையை வீட்டுக்கு அனுப்பினாரா?

கடையில் செய்யாத அந்த வேலையைத்தான் பள்ளிக்கூடத்தில் செய்தோம். செய்தோம் என்கிறேன், நானும் அதில் ஒருவன்.

2014ஆம் ஆண்டு. நம் சமுதாயப் பெரியவர்கள் நடத்தும் ஒரு பள்ளிக்கூடம். ஊர் பெயர் வேண்டாம், உங்களில் சிலருக்குத் தெரியும். பக்கத்துப் பள்ளியில் ஸ்மார்ட் கிளாஸ் வந்துவிட்டது, நம் பள்ளியிலும் வராவிட்டால் பிள்ளைகள் அங்கே போய்விடுவார்கள் என்றார்கள். ரசீதுப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு கடை கடையாக ஏறியவன் நான். ஒரு லட்சத்து இருபதாயிரம் ரூபாய் சேர்ந்தது. புரொஜெக்டர், திரை, மடிக்கணினி எல்லாம் வாங்கினோம். திறப்பு விழாவில் நான்தான் சிறப்புப் பேச்சாளர். 'சமுதாயம் தலைநிமிர்கிறது' என்றெல்லாம் பேசினேன்!

அந்தப் பள்ளியில் ஒரு கணக்கு ஆசிரியர் இருந்தார். எட்டாம் வகுப்பில் பின்தங்கிய பிள்ளைகளைப் பள்ளி விட்ட பிறகு உட்கார வைத்து வகுத்தலிலிருந்து சொல்லிக் கொடுப்பவர். அவருக்கு மாதச் சம்பளம் ஏழாயிரம். இரண்டாயிரம் கூட்டிக் கேட்டார். நிதி இல்லை என்று நிர்வாகம் சொன்னது. மூன்று மாதத்தில் ஜவுளிக் கடையில் பில் போடும் வேலைக்கு ஒன்பதாயிரத்துக்குப் போய்விட்டார். ஒரு பெருநாள் கூட்டத்தில் அவரிடம்தான் என் பிள்ளைகளுக்குத் துணி எடுத்தேன். அவர் சிரித்துக்கொண்டே பில் போட்டுத் தந்தார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

புரொஜெக்டர்? இரண்டாம் வருடத்தில் அதன் விளக்கு போனது. புது விளக்கு பதினோராயிரம் என்றார்கள். துணியைப் போட்டு மூடி வைத்துவிட்டார்கள். வருடா வருடம் அச்சடிக்கும் சேர்க்கை நோட்டீஸில் மட்டும் 'ஸ்மார்ட் கிளாஸ் வசதி உண்டு' என்ற வரி நிற்கவில்லை.

ஒரு லட்சத்து இருபதாயிரத்தை இரண்டாயிரத்தால் வகுத்துப் பாருங்கள். ஐந்து வருடம் அந்த ஆசிரியர் இருந்திருப்பார்.

இது நம் ஊரில் மட்டும் நடந்ததல்ல. தென் அமெரிக்காவில் பெரு என்ற நாடு. அந்த அரசு எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகளை வாங்கிப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுத்தது. கிராமப்புறத்தில் 319 பள்ளிகளை எடுத்து ஆராய்ந்து 2012ல் முடிவை வெளியிட்டார்கள். கணக்கிலும் மொழிப் பாடத்திலும் எந்த முன்னேற்றமும் காணப்படவில்லை. பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டரைப் பயன்படுத்தத் தெரிந்தது.

யுனெஸ்கோ நிறுவனம் 2023ல் வெளியிட்ட உலகக் கல்வி அறிக்கை முழுவதும் இந்தத் தொழில்நுட்பத்தைப் பற்றியதுதான். இந்தக் கருவிகளால் பலன் உண்டு என்பதற்கு நடுநிலையான சான்று குறைவு, இருப்பதில் பெரும்பகுதி அவற்றை விற்பவர்களிடமிருந்தே வருகிறது என்று அதில் சொல்லியிருக்கிறார்கள். சரக்கு விற்பவனே தரச் சான்றும் எழுதிக் கொடுத்தால் நீங்கள் வாங்குவீர்களா? பள்ளிக்கூடத்துக்கு மட்டும் எப்படி வாங்குகிறீர்கள்?

ஒரு செல்போன், மூன்று பிள்ளைகள்

கொரோனா காலத்தை மறந்துவிட்டோம். 2020 மார்ச்சில் மூடிய பள்ளிக்கூடம் ஒன்று முதல் எட்டு வரை படிக்கும் பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் 1ஆம் தேதிதான் திறந்தது. ஒன்றரை ஆண்டுக்கும் மேல்! அதுவரை ஆன்லைன் வகுப்பு என்றார்கள்.

என் தெருவில் ஒரு மீன் வியாபாரி. வீட்டில் ஒரே ஒரு செல்போன், மூன்று பிள்ளைகள். காலையில் வகுப்பு தொடங்கும் நேரத்தில் செல்போன் அவரோடு ஏலக்கூடத்தில் இருக்கும். மாலையில் வந்தால் மூத்த பையனுக்கு. அவன் பத்தாவது படிக்கிறான் என்று காரணம். அவன் பாடம் பார்த்தானா, விளையாடினானா, அவனுக்கே வெளிச்சம். நடுவில் உள்ள மகளுக்கு அது கடைசிவரை கிடைக்கவில்லை. பெண் பிள்ளைக்கு எதற்குச் செல்போன் என்று அவளுடைய உம்மா எடுத்து அலமாரியில் வைத்துவிடுவார். நம் வீடுகளில் எத்தனை வீட்டில் இது நடந்தது? ஒழுக்கத்தின் பெயரால் பாடத்தையும் சேர்த்துப் பூட்டினோம். பூட்ட வேண்டியது பையனிடமிருந்த செல்போனை அல்லவா என்று யாரும் கேட்கவில்லை.

அந்த நேரத்தில் அரசாங்கத்தின் கல்வித் தொலைக்காட்சி ஓரளவு உதவியது. 2019 ஆகஸ்டில் தொடங்கப்பட்டிருந்த சேனல் அது. தொலைக்காட்சி அநேகமாக எல்லா வீட்டிலும் இருக்கிறது, நெட் கார்டு போட வேண்டியதில்லை, பெண் பிள்ளையும் உட்கார்ந்து பார்க்கலாம். தொழில்நுட்பம் என்றால் புதியதாகத்தான் இருக்க வேண்டும் என்று சட்டமா என்ன? எல்லோர் கைக்கும் எட்டுகிறதா என்று முதலில் பாருங்கள்.

ஆனால் இழந்த படிப்பை மீட்டுத் தந்தது எது தெரியுமா? 2021 அக்டோபரில் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கியது. ஏறத்தாழ இரண்டு லட்சம் தன்னார்வலர்கள், பெரும்பாலும் பெண்கள். மாலையில் வீட்டுத் திண்ணையிலும் கோயில் மண்டபத்திலும் சமுதாயக் கூடத்திலும் பிள்ளைகளை உட்கார வைத்து ஒன்று, ஒன்றரை மணி நேரம் சொல்லிக் கொடுத்தார்கள். தமிழக கிராமப்புறங்களில் ஏறத்தாழ 19 ஆயிரம் பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வாளர்கள், பள்ளி திறந்து ஆறு மாதத்துக்குள் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டுவிட்டது, அந்த மீட்சியில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு இந்த மாலை வகுப்புகளால் வந்தது என்று கண்டார்கள். பன்னிரண்டாவது முடித்துவிட்டு வீட்டில் இருந்த எத்தனையோ நம் பெண் பிள்ளைகளும் அதில் பாடம் நடத்தினார்கள். அவர்கள் கையில் என்ன இயந்திரம் இருந்தது? ஒரு பலகை, சில அட்டைகள்.

மறுபக்கத்தையும் பாருங்கள்

இதுவரை கேட்டவர்கள், ஹஜ்ரத் இயந்திரமே வேண்டாம் என்கிறார் என்று வெளியே போய்ச் சொல்லிவிடாதீர்கள். ஒலிபெருக்கி கூடுமா கூடாதா என்று ஒரு காலத்தில் சண்டை போட்ட சமுதாயம் நாம். இன்று அதே ஒலிபெருக்கியில்தான் நான் பேசிக் கொண்டிருக்கிறேன்.

டெல்லியில் 2015ல் ஒரு சோதனை செய்தார்கள். அரசுப் பள்ளிப் பிள்ளைகள் அறுநூற்றுச் சொச்சம் பேர். ஆறாம் வகுப்பில் இருக்கிற பிள்ளை கணக்கில் உண்மையில் இரண்டரை வகுப்பு பின்னால் நிற்கிறது என்று முதலில் தெரிய வந்தது. இது டெல்லிக்கு மட்டும்தானா? உங்கள் வீட்டுப் பிள்ளையிடம் ஒரு வகுத்தல் கணக்குக் கொடுத்துப் பாருங்கள். ஆறாம் வகுப்பு ஆசிரியர் ஆறாம் வகுப்புப் பாடத்தைத்தான் நடத்துவார். நாலாம் வகுப்பில் நிற்கிற பிள்ளைக்கு அது எப்படி ஏறும்?

அங்கே ஒரு கம்ப்யூட்டர் மென்பொருளைப் பயன்படுத்தினார்கள். அது ஒவ்வொரு பிள்ளையும் எங்கே தவறுகிறது என்று பார்த்து, அந்த இடத்திலிருந்தே பாடத்தைத் தொடங்கியது. தினம் ஒன்றரை மணி நேரம், அதில் பாதி இயந்திரம், பாதி ஆள் வைத்துச் சிறு குழுவாகப் பாடம். நாலரை மாதத்தில் அந்தப் பிள்ளைகள் கணக்கில் மற்றவர்களைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு முன்னேறினார்கள். அறவே பின்தங்கியிருந்த பிள்ளைகளும் முன்னேறினார்கள். இந்த ஆய்வு 2019ல் வெளியானது.

ஆக, இயந்திரத்துக்கும் ஒரு காது வைக்க முடியும் என்பதை நான் மறுக்கவில்லை. பெருவில் கொடுத்த கம்ப்யூட்டருக்கு அந்தக் காது இல்லை. டெல்லியில் கொடுத்ததற்கு இருந்தது, பக்கத்தில் ஓர் ஆளும் இருந்தார். யாராவது கருவி விற்க வந்தால் விலையைக் கேட்பதற்கு முன் இதைக் கேளுங்கள்: "என் பிள்ளை தவறு செய்தால் உங்கள் பெட்டி என்ன செய்யும்?" சரி, தவறு என்று டிக் அடிப்பதோடு நின்றால், அதற்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதும்.

நாளைய ஆசிரியர்களே!

உங்களுக்குச் சில வார்த்தைகள். நான் பி.எட். படித்தவனல்ல, உங்கள் பேராசிரியர்கள் சொல்வதுதான் உங்களுக்குப் பாடம். நான் இருபது வருடம் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுத்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன்.

நீங்கள் வேலைக்குப் போகும்போது கருவி உங்களுக்கு முன்பே அங்கே இருக்கும். தமிழ்நாட்டுப் பாடப் புத்தகங்களில் 2018 முதல் கியூஆர் கோடு அச்சடித்து வருகிறது, செல்போனைக் காட்டினால் பாடம் படமாக ஓடுகிறது. ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகளில் ஹைடெக் லேப் வந்துவிட்டது. தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்குக் கையடக்கக் கணினியே கொடுத்திருக்கிறார்கள். எனக்குத் தெரியாது என்று நீங்கள் ஒதுங்க முடியாது, எழும்பூரில் மணலை மறுத்த ஆசிரியர்களின் வரிசையில் போய் நிற்கவும் வேண்டாம்.

கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிறியது, வகுப்பறைக்குள் கொண்டு வர முடியாத அளவுக்குப் பெரியது, எட்டாத தூரத்தில் இருப்பது, நின்று பார்க்க முடியாத வேகத்தில் நடப்பது, இவற்றுக்கெல்லாம் திரையைப் போடுங்கள். கிருமி, எரிமலை, கிரகணம், இதயத்தின் வால்வு. ஆனால் பயறு முளைப்பதைப் படமாகக் காட்டாதீர்கள்! ஈரத் துணியில் பச்சைப் பயறு கட்டி வைத்தால் மறுநாள் காலையில் பிள்ளையே பார்த்துக்கொள்ளும். கால், அரை, முக்கால் எல்லாம் வெட்டிக் காட்ட ஒரு ரொட்டி போதும். கடைக்காரர் பிள்ளை இருந்தால் அவனைக் கூப்பிட்டு, கால் கிலோவும் முக்கால் கிலோவும் சேர்ந்தால் எத்தனை என்று கேளுங்கள். உங்களைவிட வேகமாகச் சொல்வான்.

மூன்று நிமிடத்துக்கு மேல் படம் ஓடினால் நிறுத்துங்கள். நிறுத்திவிட்டு, வாயே திறக்காத பிள்ளையைப் பார்த்துக் கேளுங்கள். எப்போதும் கை தூக்குகிற பிள்ளையைக் கேட்டால் எல்லோருக்கும் புரிந்துவிட்டது என்று நீங்கள் ஏமாந்து போவீர்கள். அந்த மாணவி சொன்னதில் எனக்குப் பிடித்தது இதுதான்: இதயத்தைத் தப்பாக வரைந்த பையனை அந்த மூத்த ஆசிரியை உட்காரச் சொல்லவில்லையாம். கடைசிவரை பலகைக்குப் பக்கத்திலேயே நிற்க வைத்து, முடிவில் அவனையே சரியாக வரைய வைத்திருக்கிறார்.

பாடக்குறிப்பு எழுதுவது பற்றி ஒன்று. முன்பெல்லாம் சீனியர் நோட்டை வாங்கிப் பார்த்து எழுதினார்கள். இப்போது ஏஐ எழுதித் தருகிறது. இரண்டும் எனக்கு ஒன்றுபோலத்தான் தெரிகிறது. அது எழுதித் தருவதை வாங்குங்கள், படியுங்கள், தப்பில்லை. ஆனால் உங்கள் வகுப்பில் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்கு 'ர'வும் 'ற'வும் குழம்புகிறது என்பது அதற்கு எப்படித் தெரியும்? அந்த ஒரு வரியையாவது உங்கள் கையால் எழுதுங்கள்.

அந்த மாணவி கட்டுரையை நடந்தபடியே எழுதிக் கொடுத்துவிட்டார். மதிப்பெண் குறைவுதான், 'தலைப்புக்குத் தொடர்பில்லாமல் உள்ளது' என்று சிவப்பு மையில் எழுதியிருந்தார்களாம். அவர் அதைச் சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கடைசியாக ஒரு செய்தி. நான் சொன்னேனே அந்தப் பள்ளிக்கூடம், அங்கிருந்து இந்த மாதம் மறுபடியும் எனக்கு ரசீதுப் புத்தகம் வந்திருக்கிறது. இந்த முறை சுவரில் மாட்டுகிற பெரிய தொடுதிரை. புத்தகம் இன்னும் என் மேசையில்தான் இருக்கிறது, ஒரு ரசீதுகூடக் கிழிக்கவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு நிர்வாகிகளோடு உட்காரப் போகிறேன். ஆசிரியர்களின் சம்பளப் பட்டியலையும், மூடி வைத்த புரொஜெக்டரையும் மேசை மேல் எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். நன்கொடை கொடுத்தவர்கள் யார் வேண்டுமானாலும் வரலாம். அந்த மாணவியின் தகப்பனார் கடையை மகனிடம் விட்டுவிட்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார். நீங்களும் வாருங்கள்.